அக்கா வரும்வரை யாரும் பேசக்கூடாது

டெல்லா சமையலறை மேசையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே மே மாதத்து வெயில். பிள்ளைப்பேற்று நோ வரும்போதெல்லாம் அவள் மேசையை இறுக்குவாள், மேலே கிடந்த கரண்டிகள் கிணுகிணுக்கும். நோ போனதும் மூச்சை விட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"அக்கா எங்க வந்திட்டாவாம்?"

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ரோஸ்.

"ஹைவேயில நிக்கிறம். ஒரு வாகனமும் அசையேல்லை. முன்னால சனம் ரோட்டில இருக்குது. சிவப்பு மஞ்சள் கொடி." குரலைத் தணித்துச் சொன்னாள். "மலர், உன்ர சனம்."

ரோஸ் பேசியது ஆங்கிலம். டெல்லாவும் ஆங்கிலம்தான். ஆனால் எனக்குப் பிடித்த மனிதர்கள் என்ன மொழி பேசினாலும் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டில் மருத்துவிச்சிப் பரீட்சை எழுதி இரண்டாம் தடவையில் பாஸ் பண்ணிய கதையைப் போன வாரப் பத்தியில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அஜக்ஸ் நகரிலிருந்து ஒரு அன்ரி போன் எடுத்து, "பாஸ் பண்ணினது சரி, பிறகு உருப்படியா என்ன செய்தனீர்?" என்று கேட்டார். அன்ரி, இதுதான் செய்தேன். என் தொழிலில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய நாள் ஒன்று உண்டென்றால், அது கரண்டிகள் கிணுகிணுத்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

மேசைக்காரிகள்

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்ரீட்கார் என்கிற ட்ராம் வண்டி ஓடுகிற ஒரு தெருவில் இருந்த பழைய செங்கல் வீடு அது. கீழே பெரிய சமையலறை. மேலே இரண்டு அறைகள். இந்த மண்ணின் பூர்வகுடிப் பெண்கள், தங்கள் பெண்களுக்காகத் தாங்களே தொடங்கிய பிள்ளைப்பேற்று நிலையம்.

ஏன் தொடங்கினார்கள் என்றால், அதற்குக் கதை இருக்கிறது. வடக்கே தூர ஊர்களில் பிள்ளைத்தாச்சிகளை நாள் நெருங்குவதற்கு முன்பே விமானத்தில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். முன்பின் தெரியாத அறையில் தனியே காத்திருந்து, தெரியாத முகங்களுக்கு நடுவே பெற்றுக்கொண்டு திரும்பவேண்டும். நகரத்திலேயே இருப்பவர்களுக்கு வேறு பயம். ஆஸ்பத்திரியில் யாராவது வந்து, 'இவளால் பிள்ளை வளர்க்க ஏலாது' என்று தீர்மானித்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். அது வெறும் பயமல்ல, பல வீடுகளில் நடந்த விஷயம். அதனால் எத்தனையோ பெண்கள் நோ வரும்வரை ஒருவரிடமும் காட்டாமல் ஒளித்துத் திரிந்தார்கள்.

எங்களுடைய பிள்ளை எங்கே, யார் முன்னால் பிறக்கவேண்டும் என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்று சில பெண்கள் ஒரு சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த மேசைதான் பிறகு நிர்வாகசபை ஆனது. நான் அவர்களை மேசைக்காரிகள் என்பேன்.

என்னை வேலைக்கு எடுக்கலாமா என்று பார்த்ததும் அந்த மேசைதான். யாழ்ப்பாணத்துச் சான்றிதழ், கனடாச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கஞ்சி போட்ட சட்டையோடு போனேன். ஐரீன் என்கிற பெரிய உடம்புக்காரி, சமையலறையின் ராணி, உறையைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நீ பிறக்கேக்க அறைக்குள்ள ஆரார் நிண்டவை?"

எந்த இன்ரவியூவிலும் என்னை இப்படி யாரும் கேட்டதில்லை. ஆனால் வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் அல்லவா? ஆரம்பித்துவிட்டேன். அம்மா, பெரியம்மா, மருத்துவிச்சி, கதவடியில் நின்று ஓயாமல் புத்தி சொன்ன மாமி, வாசல் படலையடியில் நடுங்கிக்கொண்டு நின்ற அப்பா. மாமி என்ன புத்தி சொன்னா என்பதையும் விடவில்லை.

மேசைக்காரிகள் சிரித்தார்கள். பிறகு ஐரீன் சிரிப்பை நிறுத்திச் சொன்னாள்: "எங்கட பொம்பிளையளிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டா முக்காவாசிப் பேருக்கு மறுமொழி இல்லை. அதுக்குத்தான் இந்த வீடு."

கோழி மேய்த்தாலும்

நான் அங்கே சேர்ந்த செய்தி மல்வேர்னில் என் சொந்தக்காரர் மத்தியில் பரவியது. "செவ்விந்தியரோடயோ வேலை?" என்றார் ஒரு அங்கிள். இந்தியாவைத் தேடி வழி தவறி வந்தவன் வைத்த பெயரை வீட்டுக்காரருக்குச் சூட்டாதையுங்கோ என்று அவர் வாயை அடைத்தேன். இன்னொருவர், "கோழி மேய்ச்சாலும் கவுண்மேந்தில மேய்க்கவேணும், பெரிய ஆஸ்பத்திரியை விட்டிட்டு ஒரு வீட்டுக்கோ போறீர்?" என்று துக்கம் விசாரித்தார். நான் கோழி மேய்க்கவில்லை, பிறக்கிற பிள்ளையைக் கையில் பிடிக்கிறேன் என்றேன்.

அந்த வீட்டில் வேலை செய்யும் முறை எனக்குப் பிடித்துப்போனது. எந்தப் பிள்ளைப்பேற்றுக்கும் இரண்டு பேர் நிற்கவேண்டும் என்பது இந்த நாட்டு விதி. முதலாம் ஆளின் கண் தாயில். இரண்டாம் ஆளின் கண் பிள்ளையில். அந்த வீட்டில் முதலாம் ஆள் எப்போதும் அவர்களுடைய பெண்தான். ரோஸ் அனிஷினாபே என்ற பூர்வகுடி இனத்தவள், நரைத்த நீண்ட பின்னல்காரி, நான் பார்த்த மருத்துவிச்சிகளில் கைராசிக்காரி. நான் இரண்டாம் ஆள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. சொந்த வீட்டில் அவர்கள் முன்னால் நிற்பதுதானே முறை?

ஒரே ஒரு சங்கடம், என் வாய்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பழகியது சத்தமான பிள்ளைப்பேறு. "முக்கு, முக்கு, அப்பிடித்தான் என்ர ராசாத்தி, இன்னொருக்கா!" என்று கத்துவோம். பிள்ளை வெளியே வந்ததும் "பொம்பிளைப் பிள்ளை!" என்று அடுத்த வீட்டு வளவுக்குக் கேட்கும்படி அறிவிப்போம். அந்த வீட்டிலோ பல குடும்பங்கள் அமைதியாகப் பெற்றுக்கொள்ள விரும்பின. முதல் மாதத்தில் ரோஸ் இரண்டு தடவை என் தோளைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது தெரிந்த கதைதான். தெரிந்து என்ன, நுணல் வாயை மூடுமா?

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் என் வாய்க்கு வெற்றி. பெற்றவளுக்கு ஐரீன் மூஸ் என்கிற பெரிய காட்டுமானின் இறைச்சிச் சூப் கொடுப்பாள். நான் ஸ்காபரோவில் பால்சுறா வாங்கி, மல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி சேர்த்து அரைத்துச் சரக்குக் கறி வைத்துக்கொண்டு போனேன். பால் நல்லாய்ச் சுரக்கும் என்று பிரசங்கம் வேறு. ஐரீன் ஒரு கரண்டி குடித்தாள், கண் கலங்கியது, தண்ணீர் கேட்டாள். அடுத்த வாரம் பார்த்தால் மூஸ் சூப்புக்குள் என் சரக்கு மணக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெற்ற பெண்களெல்லாம் மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் சூப் குடித்தார்கள்.

டெல்லா கேட்டது

டெல்லா வடக்கே ஒரு ஏரிக்கரை ஊரில் பிறந்தவள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தெற்கே யாரோ ஒரு வளர்ப்பு வீட்டில் விட்டுவிட்டார்கள். அவளுடைய அக்கா லொரெட்டா ஊரிலேயே தங்கிவிட்டாள். அக்காவிடம் மொழி இருந்தது. தங்கைக்கு ஆங்கிலம் மட்டும்தான். இடைக்கிடை போனில் பேச விடுவார்களாம். அக்கா தங்கள் மொழியில் ஏதாவது சொல்லுவாளாம். இவளுக்கு விளங்காதாம், ஆனால் போனை வைக்க மனம் வராதாம்.

முதல் பிள்ளையை டெல்லா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தனியாகப் பெற்றாள். அந்தப் பையன் கேட்ட முதல் பேச்சு, கட்டிலுக்கு மேலே நின்ற இரண்டு பேர் தங்கள் ஷிப்ட் எப்போது முடியும் என்று பேசிக்கொண்டதாம். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை.

இரண்டாவது பிள்ளைக்கு அவள் மேசைக்காரிகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பிள்ளையின் காதில் விழுகிற முதல் சொல் தங்களுடைய மொழியில் இருக்கவேண்டும், அதை அக்கா சொல்லவேண்டும். பிள்ளை வெளியே வருகிற நேரம் தொடங்கி அதுவரை அறையில் யாரும் வாய் திறக்கக்கூடாது.

மேசை ஒத்துக்கொண்டது. லொரெட்டா வரும் செலவை ஏற்றது, பெறும் அறையில் அவளுக்கும் ஒரு கட்டில் போட்டது. எத்தனை படித்தவர்கள் கூடி எத்தனை திட்டம் போட்டிருப்பார்கள். ஒரு பெண்ணிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதைச் செய்து கொடுத்த இடத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

குறித்த நாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறதென்று ரோஸ் தன் கணவர் ஓட்டிய காரில் விமான நிலையத்துக்கு லொரெட்டாவைக் கூட்டிவரப் போனாள். கார் தெருமுனை திரும்பியிருக்கும், டெல்லாவுக்கு நோ தொடங்கியது.

காலையில் நடந்த சண்டை

அது யுத்தத்தின் கடைசி நாட்கள். வன்னியில் ஆஸ்பத்திரிகளிலும் ஷெல் விழுகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் சனம் வாரக்கணக்காக நகரத்துத் தெருக்களில் நின்றது. ஷிப்ட் முடிந்து நேரே வந்தார்கள், பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். நானும் நின்றிருக்கிறேன். கத்திக் கத்திக் குரல் போன நாளும் உண்டு.

அன்று காலை என் கணவர் தவம் கொடியும் தண்ணீர்ப் போத்தலுமாகப் புறப்பட்டார்.

"நீர் வரேல்லையே?"

"எனக்கு டியூட்டி. பிள்ளைத்தாச்சி ஒருத்தி இருக்கிறா."

"அங்க எங்கட பிள்ளையள் சாகுது. உமக்கு ஊர்பேர் தெரியாத ஆற்றையோ பிள்ளை பெரிசாப் போச்சு!"

நான் மறுமொழி சொல்லவில்லை என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சொன்னேன், நிறையச் சொன்னேன். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகும் அந்தச் சொல் நெஞ்சில் குத்தியபடியே இருந்தது. ஏனென்றால், அவர் சொன்னதையே நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது ரோஸ் போனில். ரோஸுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே, ஹைவேயின் மேல், என் கணவரும் ஆயிரக்கணக்கான சனமும்.

நான் முதலில் யோசித்தது போனைத்தான். "டெல்லா, அக்காவை ஸ்பீக்கரில போட்டு வைப்பம். பிள்ளை வரேக்க அவ சொல்லட்டும்."

அவள் மேசையிலிருந்து முகத்தை நிமிர்த்தினாள். "போனில வேண்டாம். போனில கேட்டுத்தான் நான் வளர்ந்தனான்."

போனிலேயே வளர்ந்த அன்பு எங்கள் வீடுகளிலும் உண்டு. ரோஸிடம், "காரை உங்கட மனிசனிட்ட விட்டிட்டு நீங்கள் ரெண்டு பேரும் இறங்கி முன்னுக்கு நடவுங்கோ. கொடி கட்டின இடத்தில என்ர மனிசன் நிப்பார்" என்றேன். பிறகு தவத்துக்கு எடுத்தேன்.

நாங்களே மறிச்சா

போனில் தவத்துக்குப் பின்னால் பறை அடிக்கிற சத்தமும் கோஷமும்.

"என்ன, வாறீரோ?" என்றார்.

"இல்லை. நீங்கள் எனக்கு ரெண்டு பொம்பிளையளைக் கொண்டுவந்து தரவேணும்."

"என்ன?"

விஷயத்தைச் சொன்னேன். "ஒருத்தி ரோஸ், நரைச்ச பின்னல், எங்கட வீட்டை வந்து இடியப்பம் திண்டவ. மற்றவ சிவப்பு ஜாக்கெட்டாம். அவவின்ர தங்கச்சிக்கு இப்ப பிள்ளை பிறக்கப்போகுது. அவ வராட்டி... இஞ்சருங்கோ, ஆற்றையோ பிள்ளைதான். ஆனா எனக்காகச் செய்யுங்கோ."

"வையும், பாக்கிறன்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இரண்டு விதமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தவம் சொல்வது ஒன்று. அதில் அவர் தனி ஆளாக ஒரு பட்டாளத்தை விலக்குவார். ரோஸ் சொன்னது மற்றது. நான் ரோஸ் சொன்னதை நம்புகிறேன்.

முன்வரிசையில் இளைஞர்கள் கை கோத்து நின்றார்களாம். தவம் போய் வழி கேட்க, "அங்கிள், லைனை விட்டா பொலிஸ் உள்ள வந்திடும். பின்னால சின்னப் பிள்ளையள் இருக்கு" என்றார்களாம். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். அந்தப் பக்கம் ரோஸும் லொரெட்டாவும் நின்றார்கள், லொரெட்டாவின் கையில் ஒரு துணி மூட்டை.

தவம் முதலில் கத்தினாராம். பிறகு குரலை இறக்கினாராம்.

"தம்பிமார், அங்க பிள்ளை பெற ஒரு ஆஸ்பத்திரி விடுறாங்களில்லை எண்டுதானே நாங்கள் இஞ்ச வந்து இருக்கிறம்? இஞ்ச ஒரு பிள்ளை பிறக்கிறதை நாங்களே மறிச்சா எப்பிடி?"

அதைக் கேட்டு முதலில் எழுந்தது தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள். பாயைச் சுருட்டினார்கள், தள்ளுவண்டிகளை ஒதுக்கினார்கள். "பிள்ளைப்பேறாம், விடுங்கோ, விடுங்கோ" என்ற சொல் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போனது. இளைஞர்கள் கோத்த கையை அவிழ்த்து, இரண்டு பேர் போகிற அளவுக்கு ஒரு வழி விட்டு, அவர்கள் நுழைந்ததும் திரும்பக் கோத்துக்கொண்டார்கள். பொலிஸ்காரர் ஒரு அடியும் முன்னே வைக்கவில்லை என்றாள் ரோஸ்.

அந்தச் சனத்துக்கு நடுவே லொரெட்டா நடந்தாள். ஒருவர் தண்ணீர்ப் போத்தல் நீட்டினார். ஒரு அம்மா பிஸ்கற் பைக்கற்றை அவள் ஜாக்கெட் பைக்குள் திணித்தார். இன்னொருவர் கையைப் பிடித்து, "பொம்பிளைப் பிள்ளையோ, ஆம்பிளைப் பிள்ளையோ?" என்று தமிழில் கேட்டார். லொரெட்டா தன் மொழியில் ஏதோ சொன்னாளாம். அவரும் விளங்கிக்கொண்டதுபோலத் தலையாட்டினாராம்.

எங்கள் சனத்தைப் பற்றி நான் நல்லதும் கெட்டதுமாக எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். தன் வீடு எரியும்போதும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வழி விட்ட சனம் அது. அதைச் சொல்லாமல் விட்டால் என் வாய் எதற்கு?

இறங்குபாதையின் அடியில், எலுமிச்சஞ்சோற்றுப் பார்சல் கொண்டுவந்த ஒரு வான் வண்டி நின்றது. தவம் கதவைத் திறந்து இருவரையும் ஏற்றிவிட்டு, கொடியோடு திரும்ப மேலே போய்விட்டார்.

இரண்டாம் ஆள்

இங்கே டெல்லாவை மேலே கொண்டுபோயிருந்தோம். இரண்டாவது பிள்ளை எப்போதுமே அவசரக்குடுக்கை. பனிக்குடம் உடைந்துவிட்டது. ரோஸ் வரும்வரை முதலாம் ஆளின் இடத்தில் நான். அந்த வேலைக்குப் பயிற்சி எடுத்திருந்த ஐரீன் இரண்டாம் ஆள்.

டெல்லாவை இடது பக்கம் சரித்துப் படுக்க வைத்து, முக்காதே, நாய்க்குட்டி இளைப்பதுபோல மூச்சை விடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பை அடிக்கடி கேட்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. துடிப்பு மட்டும் தளர்ந்திருந்தால் அக்காவுக்காக ஒரு நிமிடமும் பொறுத்திருக்கமாட்டேன், அதை டெல்லாவிடமும் சொல்லியிருந்தேன்.

"மலர், ஏலாது. வருது."

"ஓம், வரட்டும். மெல்லமா வரட்டும்."

வெயில் மேற்கு ஜன்னலில் சாய்ந்திருந்தது. கீழே கதவு திறக்கிற சத்தம். படிகளில் காலடி. முதலில் வந்தது எலுமிச்சஞ்சோற்று மணம். பின்னாலே சிவப்பு ஜாக்கெட்.

லொரெட்டா தங்கையின் நெற்றியோடு நெற்றியை வைத்தாள். டெல்லாவின் உடம்பு முழுவதும் இளகியதை என் கைகளில் உணர்ந்தேன். ரோஸ் கை கழுவிக்கொண்டு வந்தாள். நான் விலகி என் பழைய இடத்துக்கு, பிள்ளைக்குரிய இடத்துக்கு, வந்தேன். ஐரீன் கதவைச் சாத்தினாள்.

பிறகு எல்லாம் கண்களாலும் கைகளாலும் நடந்தது. ரோஸ் தலையசைத்தாள், டெல்லா முக்கினாள். பெண் குழந்தை. வழுக்கிக்கொண்டு வந்து ரோஸின் கையில் விழுந்தது.

அழவில்லை.

இது என் நேரம். துவாயை எடுத்து முதுகைத் துடைத்தேன். உள்ளங்காலைத் தேய்த்தேன். வாய் நிறையத் தமிழ் வந்து முட்டுகிறது. 'அழு என்ர குஞ்சு, அழு ராசாத்தி, அம்மாளாச்சி, காப்பாத்து.' இத்தனை வருடத் தொழிலில், அழாத பிள்ளையிடம் பேசாமல் இருந்ததே இல்லை நான். பேசினால்தான் என் கை ஓடும். ஐரீன் என்னைப் பார்க்கிறாள். டெல்லா என்னைப் பார்க்கிறாள். நான் கீழுதட்டைக் கடித்துக்கொண்டேன். இரத்தம் உப்புக் கரித்தது. தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

பிள்ளை ஒரு தரம் தும்மியது. பிறகு வீடு அதிர அழுதது.

தூக்கித் தாயின் நெஞ்சில் வைத்தேன். லொரெட்டா குனிந்து, அந்தச் சின்னக் காதில் சொன்னாள். நீளமாக ஒன்றும் இல்லை. இரண்டு சிறு வாக்கியம். பிள்ளை அழுகையை நிறுத்திக் கேட்டது. இப்படி எழுதினால் மருத்துவம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நான் பார்த்தேன்.

டெல்லா அக்காவைப் பார்த்து, அந்த இரண்டு வாக்கியத்தையும் தட்டித் தடவித் திருப்பிச் சொன்னாள். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த நாங்கள் ஐந்து பெண்களும் அப்போதுதான் அழுதோம்.

நெருப்பு

அடுத்த வாரம் யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் விளக்குப் போடவில்லை. தவம் கதிரையில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தபடியே இருந்தார். டிவி ஓடவில்லை.

கதவைத் தட்டியது ஐரீனும் லொரெட்டாவும். சூப் சட்டியோடு வந்தார்கள்.

"செத்த ஆக்களுக்கு நாங்கள் நாலு நாள் நெருப்பு வைப்பம், வழி தெரியட்டும் எண்டு," என்றாள் லொரெட்டா. "எங்கட பிள்ளைப்பேற்று வீட்டு வளவில மூட்டியிருக்கிறம். உங்கட ஆக்களுக்கு."

தவம் எழுந்து ஜாக்கெட்டைப் போட்டார். அந்த நெருப்படியில் உட்கார்ந்துதான் அவர் முதல் முறையாக அழுதார். பக்கத்தில் ரோஸ் விறகு போட்டுக்கொண்டிருந்தாள். டெல்லா பிள்ளையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாக்கியம்

இது நடந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன. அந்த மேசைக்காரிகள் இப்போது பெரிய இடம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அவர்களுடைய பெண்களே படித்து மருத்துவிச்சிகளாக வந்து நிறைந்துவிட்டார்கள். இரண்டாம் ஆளாகக்கூட என்னைத் தேவையில்லாத நாள் வந்தது. அந்த நாளில் நான் பட்ட சந்தோசத்தை யாரிடம் சொல்ல? பெற்ற பிள்ளை கையை உதறிவிட்டு ஓடும்போது வருமே, அதுதான்.

புதிய இடத்தின் திறப்பு விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். வரவேற்புரை சொன்னது டெல்லாவின் மகள் ரூபி. அம்மாவை விட உயரம். தன்னுடைய மொழியில் பேசினாள், தடங்கல் இல்லாமல். முன்வரிசையில் லொரெட்டா, பக்கத்தில் டெல்லா. டெல்லாவின் உதடுகளும் மகளோடு சேர்ந்து அசைந்தன.

பின்வரிசையில் தவம் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் ஆங்கிலத்தில், "உந்தப் பிள்ளைக்கு ரோட்டுத் திறந்தது நாங்கள்" என்று ஆரம்பித்துவிட்டார். அதில் அவர் தனி ஆளாகப் பட்டாளத்தை விலக்கினார்.

விருந்தின்போது ரூபி சூப் கிண்ணத்தோடு எங்களிடம் வந்தாள். சூப்பில் இன்னமும் என் சரக்கு மணந்தது. இத்தனை காலமும் கேட்காத ஒன்றை அன்று அவளிடம் கேட்டேன். நீ பிறந்ததும் பெரியம்மா உன் காதில் என்ன சொன்னா?

அவள் முதலில் தன் மொழியில் சொன்னாள். பிறகு எங்களுக்காக ஆங்கிலத்தில். என் காதில் விழுந்தது இது:

"நீ வந்திட்டாய். நாங்கள் இஞ்சதான் இருக்கிறம்."

தவம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நாங்கள் இஞ்ச இருக்கிறம் எண்டுதானே நாங்களும் அண்டைக்கு ரோட்டில இருந்து கத்தினனாங்கள்," என்றார். "எங்களுக்கு ஒருத்தரும் காது தரேல்லை. இந்தப் பிள்ளைக்கு எண்டாலும் கேட்டுதே. அது எங்களுக்குக் காணும்."

சொல்வதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது. என் வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.